பார்த்து வரையக் கற்பிப்பது எப்படி: புதிய ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓர் எவர்சில்வர் டம்ளரை மேசைமேல் வைத்து வரையச் சொல்லுங்கள். பத்து வயதுச் சிறுவனானாலும் ஐம்பது வயதுப் பெரியவரானாலும், புதிதாக வரைபவர்களுள் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் தவறுவார்கள்: டம்ளரின் வாயை நீள்வட்டமாக வளைத்து வரைந்துவிட்டு, அடியை ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல் நேர்க்கோடாக முடித்துவிடுவார்கள். கண்ணுக்குக் கீழே இருப்பதால் வாய் வளைந்து தெரிகிறதென்றால், அதைவிடவும் கீழே இருக்கும் அடி இன்னும் கூடுதலாக வளைந்துதான் தெரியவேண்டும். ஆனால் டம்ளர் மேசையில் தட்டையாக அமர்ந்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தத் தெரிந்த செய்தி கண்ணை முந்திக்கொண்டு கைக்குக் கட்டளையிட்டுவிடுகிறது. குழந்தைகளின் ஓவியங்களை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் ஆன்றி லுக்கே, பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, மனத்துக்குத் தெரிந்ததை வரைகிறார்கள் என்று சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விளக்கியிருக்கிறார். பயிற்சி பெறாத பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.

பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியராகச் சேர்ந்தவர்களுக்காகவும், வீட்டு மாடியில் வார இறுதி வகுப்பு தொடங்க எண்ணுபவர்களுக்காகவும் இக்கட்டுரையை எழுதுகிறேன். பார்த்து வரையக் கற்பிப்பவரின் வேலை, கைக்குப் பயிற்சி கொடுப்பதைவிட, மாணவரின் கண்ணை மீண்டும் மீண்டும் பொருளை நோக்கித் திருப்பி அனுப்புவதே ஆகும். கீழே சொல்லப்படும் பயிற்சிகள் யாவும் அதற்கான வெவ்வேறு உபாயங்கள்தாம். எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இவை வேண்டாம். அவர்கள் தமக்குத் தெரிந்ததை வரையட்டும். தான் வரைந்த வீடு நிஜ வீடுபோல் இல்லையே என்று பிள்ளை தானாக வருந்தத் தொடங்கும் வயது ஒன்று வரும். பெரும்பாலும் ஒன்பது, பத்து வயதில் வரும் அந்த வருத்தம்தான் வகுப்பைத் தொடங்க ஏற்ற அறிகுறி.

இடத்தை ஒழுங்கு செய்தல்

பலரும் பொருட்படுத்தாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். தாளை மேசைமேல் தட்டையாக வைத்து வரைந்தால், தாளின் மேற்பகுதி கண்ணிலிருந்து விலகிக் குறுகித் தெரியும். அதை ஈடுகட்டக் கை தன்னையறியாமல் உருவத்தை நீட்டிவிடும். எழுந்து நின்று பார்க்கும்போதுதான், பானையின் கழுத்து கொக்கின் கழுத்தாகிவிட்டது தெரியவரும். ஆகவே தாளைப் பலகையில் கிளிப் போட்டு, பலகையின் அடியை மடியிலும் முதுகை மேசை விளிம்பிலும் சாய்த்து, பார்வைக்கு நேர் எதிராக நிறுத்தச் செய்யுங்கள். ஓவியப் பலகையைத் தாங்கும் ஈசல் (easel) வாங்க வசதி இல்லாவிட்டால் பரீட்சை அட்டையே போதும். பொருளையும் தாளையும், தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் நகர்த்தி மாறி மாறிப் பார்க்க முடிகிறதா என்று ஒவ்வொருவரின் இருக்கையிலும் நீங்களே அமர்ந்து சோதித்துக்கொள்ளுங்கள். பொருளின் உயரத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு தூரத்திலாவது மாணவர் அமரவேண்டும். நாற்காலிக் கால்களைச் சுற்றிச் சாக்பீஸால் தரையில் கோடு போட்டு வைப்பது நல்லது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து ஒரு சாண் தள்ளி அமர்ந்தாலும் பார்க்கும் கோணம் மாறிவிடும்.

வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வரவேண்டும். கூரையில் இரண்டு டியூப்லைட் எரிந்தால் ஒரு பொருளுக்கு இரண்டு, மூன்று நிழல்கள் விழுந்து மாணவர் குழம்பிப்போவார். ஓவியக் கூடத்துக்கு வடக்குச் சன்னலே சிறந்தது என்று ஐரோப்பிய மரபில் வந்த பாடங்கள் சொல்லும். வெயில் அந்தச் சன்னல் வழியே நேராக உள்ளே வராது என்பதே அதன் காரணம். ஆனால் சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் இறுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த நான்கு மாதங்களில் வடக்குச் சன்னலுக்கும் ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டத்தான் வேண்டும்.

தாள், பென்சில் பற்றி நிறையப் பேசவேண்டியதில்லை. 2பி, 4பி, 6பி என மூன்று பென்சில்களும், மலிவான தாள் நிறையவும் இருந்தால் போதும். விலை உயர்ந்த தாளைக் கொடுத்தால் மாணவர் அதைக் கெடுக்க அஞ்சுவார். மாணவர்களின் ரப்பரை முதல் மூன்று வாரங்களுக்கு அவர்களிடமிருந்து வாங்கி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தவறான கோட்டை அழித்துவிட்டுப் புதுக்கோடு போடுபவர் பெரும்பாலும் அதே தவற்றை அதே இடத்தில் திரும்பச் செய்வார். பழைய கோடு இருந்தால்தான் புதுக்கோட்டை எவ்வளவு தள்ளிப் போடவேண்டும் என்று ஒப்பிட முடியும்.

முதல் நாள்: எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள்

முதல் வகுப்பில் மாணவர் தம் இடக்கையையும் ஒரு நாற்காலியையும் தம் போக்கில் வரையட்டும். இடக்கையால் எழுதுபவர் வலக்கையை வரையலாம். தேதி போட்டு வாங்கி, ஒரு கோப்பில் வைத்துப் பூட்டிவிடுங்கள். குறை நிறை எதுவும் சொல்லவேண்டாம். அந்தத் தாள்களை மாலையில் தனியே அமர்ந்து பார்த்தால், யாருக்கு அளவு பிடிபடவில்லை, யார் பொருளையே பார்க்காமல் தாளை மட்டும் பார்த்து வரைந்தார் என்பது உங்களுக்கு விளங்கிவிடும்.

கோட்டைத் தொடர்தல்

இரண்டாம் வகுப்பிலிருந்து, தாளைப் பார்க்காமல் வரையும் பயிற்சியைத் தொடங்கலாம். நியூயார்க்கின் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக்கில் கற்பித்த கிமோன் நிக்கொலாய்டஸ் இதைத் தம் பாடமுறையின் அடித்தளமாகவே வைத்திருந்தார்; அவர் 1938இல் மறைந்தபின், 1941இல் வெளியான அவரது பாடநூல் வழியாக இது உலகெங்கும் பரவியது. பென்சில் முனை தாளைத் தொடவில்லை, பொருளின் விளிம்பையே தொட்டுக்கொண்டிருக்கிறது என்று மாணவர் நம்பவேண்டும் என்பதுதான் இப்பயிற்சியின் உயிர்நாடி.

செய்முறை இதுதான். மாணவர் தம் கையையோ, காம்போடு கூடிய ஒரு கத்தரிக்காயையோ எடுத்துக்கொள்வார். விளிம்பில் ஏதேனும் ஓர் இடத்தில் கண்ணை ஊன்றுவார். கண் எறும்பைப்போல் அந்த விளிம்பில் ஊர்ந்து செல்ல, அதே வேகத்தில் பென்சிலும் தாளில் ஊரும். கண் நின்றால் பென்சில் நிற்கவேண்டும். கண் மேட்டில் ஏறினால் பென்சிலும் ஏறவேண்டும். பத்து நிமிடம் தாளைப் பார்க்கவே கூடாது. ஒரு சார்ட் அட்டைத் துண்டில் துளையிட்டுப் பென்சிலை நுழைத்துவிட்டால், வரையும் கை அட்டைக்கு அடியில் மறைந்துவிடும். ஏமாற்ற வழி இருக்காது.

முடிவில் கிடைக்கும் படம் சிரிப்பை வரவழைக்கும். விரல்கள் ஒன்றோடொன்று ஏறிக் கிடக்கும், கட்டைவிரல் மணிக்கட்டுக்குப் போயிருக்கும். அவர்கள் சிரித்து முடிக்கட்டும். பிறகு ஒரு சிறு பகுதியை மட்டும் காட்டுங்கள்: நகக்கண்ணின் மடிப்பையோ, காம்பு காயோடு சேரும் இடத்திலுள்ள முள்ளையோ காட்டி, இதற்குமுன் இதைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். முதல் நாள் வரைந்த கையில் அந்த மடிப்பு இருக்காது. உரு பொருந்தவேண்டும் என்ற கவலையிலிருந்து கண்ணை விடுவிப்பதே இதன் பயன் என்பதை நீங்கள் மறந்துவிட்டு, இதற்கு மதிப்பெண் போடத் தொடங்கினால் பயிற்சி அன்றோடு கெட்டுவிடும். ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் இதைச் செய்வது, பாடகர் சுருதி சேர்த்துக்கொள்வதைப் போன்றது.

இரண்டு வாரம் கழித்து, ஐந்தில் ஒரு பங்கு நேரம் தாளைப் பார்க்க அனுமதியுங்கள். பென்சிலை நிறுத்திவிட்டுத்தான் தாளைப் பார்க்கலாம், பென்சில் நகரும்போது கண் பொருளில்தான் இருக்கவேண்டும் என்ற ஒரே விதி போதும்.

இடைவெளிகளையும் தலைகீழ்ப் படத்தையும் வரைதல்

குறுக்குக் கம்பிகள் கொண்ட ஸ்டூல் ஒன்றை நடுவில் வைத்து, ஸ்டூலை வரையாதீர்கள், அதன் கால்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவே தெரியும் காற்றை வரையுங்கள் என்று சொல்லுங்கள். ஸ்டூலுக்கு நான்கு கால்களும் ஒரே நீளம் என்பது மாணவருக்குத் தெரியும், ஆகவே ஒரே நீளமாகத்தான் வரைவார். ஆனால் இரண்டு கால்களுக்கு இடையே தெரியும் கோணலான நாற்கோணத்துக்குப் பெயர் இல்லை; பெயர் இல்லாததைப் பற்றி அவருக்கு முன்முடிவும் இல்லை. அந்த நாற்கோணங்களை ஒவ்வொன்றாகக் கறுப்பாக நிரப்பிக்கொண்டே போனால், ஸ்டூல் தாளின் வெண்மையில் தானாக எழுந்து நிற்கும். சைக்கிள், முருங்கைக் கிளை, கைப்பிடி வைத்த கூடை ஆகியவையும் இதற்கு ஏற்றவை.

ஒரு கோட்டோவியத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரையும் பயிற்சியும் இதே அடிப்படையில் அமைந்தது. அமெரிக்க ஓவிய ஆசிரியை பெட்டி எட்வர்ட்ஸ் 1979இல் வெளியிட்ட நூலில், இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கியைப் பிக்காசோ வரைந்த கோட்டோவியத்தைத் தலைகீழாக்கி வரையச் சொல்லியிருந்தது பெரும்புகழ் பெற்றது. மூளையின் வலப்பக்கம், இடப்பக்கம் என்று அவர் தந்த விளக்கத்தை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. பயிற்சி பலன் தருகிறது. ஆயினும் ஓரிரு வகுப்புகளுக்குமேல் இதை நீட்டிக்காதீர்கள். தட்டையான படத்தைப் பார்த்துத் தட்டையான தாளில் வரைவதில், பார்த்து வரைதலின் கடினமான பாதி ஏற்கெனவே முடிந்துபோய்விடுகிறது.

அளத்தல்

இங்கே அவசரப்படாமல் ஒரு மாதம் தங்குங்கள். பென்சிலை நீட்டி ஒற்றைக் கண்ணை மூடி அளக்கும் ஓவியரைச் சினிமாவில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அவர் என்ன செய்கிறார் என்று கேட்டால் பலருக்கும் சொல்லத் தெரியாது. அவர் சென்டிமீட்டர் அளக்கவில்லை, ஒரு நீளத்தை இன்னொரு நீளத்தோடு ஒப்பிடுகிறார். செம்பின் கழுத்து அகலத்தைப் பென்சிலில் கட்டைவிரல் நகத்தால் குறித்துக்கொண்டு, அந்த அளவு செம்பின் முழு உயரத்தில் எத்தனை முறை போகிறது என்று எண்ணுகிறார். இரண்டேகால் முறை போனால், தாளில் செம்பு எந்த அளவில் இருந்தாலும் அதே இரண்டேகால் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இதில் இரண்டு தவறுகள் தவறாமல் வரும். முழங்கையை மடக்கினால் பென்சில் கண்ணுக்கு அருகே வந்து அளவு மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் கையை முழுவதுமாக நீட்டவேண்டும். இரண்டாவது தவறு இன்னும் நுட்பமானது. மேசையின் பக்கவாட்டு விளிம்பு நம்மை விட்டு விலகி உள்ளே ஓடும்போது, மாணவர் பென்சிலையும் அதே திசையில் முன்னோக்கிச் சாய்த்து அளந்துவிடுவார். உங்களுக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கதவு நிற்கிறது, பென்சில் அந்தக் கண்ணாடியைத் தடவியபடிதான் சுழலலாம், கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு போகக்கூடாது என்று சொன்னால் பெரும்பாலோர் பிடித்துக்கொள்கிறார்கள். அப்படியும் புரியாதவருக்குச் சன்னல் கண்ணாடியில் ஒயிட்போர்டு மார்க்கரால், ஒற்றைக் கண்ணை மூடித் தெருவை வரைய வையுங்கள். ஒரே நாளில் புரிந்துவிடும்.

சாய்வைக் கணிக்கக் கடிகார முட்களைப் பயன்படுத்தலாம்: இந்த விளிம்பு ஒரு மணி முள்ளா, இரண்டு மணி முள்ளா என்று கேளுங்கள். செங்குத்தைச் சரிபார்க்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டைவிடச் சிறந்த கருவி கிடையாது. நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டால் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒன்று கிடைத்துவிடும். நிற்கும் மனிதரை வரையும்போது கழுத்துக் குழியிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, அது எந்தக் குதிகாலில் விழுகிறது என்று பார்த்துவிட்டால், உருவம் தாளில் சரிந்து விழாது. முகம் வரையும்போதும் அளவைதான் காப்பாற்றும்: கண்கள் தலையின் முழு உயரத்தில் ஏறக்குறைய நடுவில் இருக்கின்றன, ஆனால் நெற்றியில் பார்க்க ஒன்றுமில்லை என்று நினைத்துப் புதியவர்கள் கண்களை மேலே ஏற்றிவிடுவார்கள்.

நூல் கட்டிய சட்டமும் பழமையான கருவியே. இத்தாலியரான ஆல்பர்ட்டி 1435இல் மெல்லிய வலைத்துணியின் ஊடே பார்த்து வரையும் முறையைப் பற்றி எழுதினார். 1525இல் ஜெர்மானிய ஓவியர் டியூரர் அளவை பற்றி வெளியிட்ட நூலிலும் வரைகருவிகளின் படங்கள் உள்ளன. அட்டையில் 20க்கு 15 சென்டிமீட்டரில் சன்னல் வெட்டி, 5 சென்டிமீட்டருக்கு ஒரு நூல் ஒட்டி, அதன் ஊடே பொருளைப் பார்த்து வரைந்தால் போதும். நான்கு வகுப்புகளுக்குப்பின் நூல்களை அறுத்துவிட்டு வெறும் சட்டத்தோடு வரையச் சொல்லுங்கள். புகைப்படத்தின்மேல் கட்டம் போட்டுப் பெரிதாக்குவது வேறு தொழில். நம் ஊர் பேனர் ஓவியர்கள் அதில் அசகாய சூரர்கள். ஆனால் அவர்கள் அதற்கு முன்பே வரையக் கற்றவர்கள். வரையக் கற்பதற்கு முன் கட்டத்தைப் பிடித்துக்கொள்பவர், கட்டத்தை எடுத்தவுடன் தத்தளிப்பார்.

டம்ளருக்குத் திரும்புதல்

அளக்கப் பழகியபின் முதல் பத்தியில் சொன்ன டம்ளரை எடுங்கள். அதை மாணவரின் கண்மட்டத்தில் பிடித்தால் வாய் ஒரு நேர்க்கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்குங்கள்; கோடு வாய் திறந்து நீள்வட்டமாகி, தரைக்கு வரும்போது வட்டத்தை நெருங்கும். அடுத்து ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி வைத்தால் வாய், நீர்மட்டம், அடி என மூன்று நீள்வட்டங்கள் கீழே போகப்போக ஒன்றைவிட ஒன்று கூடுதலாகத் திறந்து தெரியும். மறைந்திருக்கும் பின்பாதியையும் சேர்த்தே முழு நீள்வட்டமாக வரைந்து பழகவேண்டும். இரு ஓரங்களும் மாவிலை நுனிபோல் கூராக முடியக்கூடாது. அங்கும் வளைவு உருண்டு திரும்பவேண்டும். டம்ளரைச் சாய்த்துப் படுக்க வைத்தால், நீள்வட்டத்தின் நீண்ட அச்சு டம்ளரின் நடு அச்சுக்குச் செங்குத்தாகவே இருக்கும். இந்த ஒரு விதியை அறியாததால்தான் மாட்டு வண்டிச் சக்கரங்கள் பலரின் படங்களில் கழன்று விழுவதுபோல் தெரிகின்றன.

ஒளியும் நிழலும்

முதலில் பித்தளை, எவர்சில்வர் போன்று பளபளப்பவற்றை ஒதுக்கிவிட்டு, சுண்ணாம்பு அடித்த ஒரு மண்சட்டியையோ முட்டையையோ கறுப்புத் துணிமேல் வையுங்கள். சொந்த நிறம் இல்லாததால் ஒளியின் ஏற்ற இறக்கம் மட்டும் தெரியும். தாளின் ஓரத்தில் ஐந்து கட்டங்கள் போட்டு, வெள்ளையிலிருந்து 6பியின் முழுக் கறுப்புவரை நிரப்பிக்கொண்டபின், கண்களை இடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இடுக்கும்போது சிறு விவரங்கள் மங்கி, ஒளிப்பகுதி, நிழல்பகுதி என இரண்டே திட்டுகள் நிற்கும். அந்த எல்லையை முதலில் வரைந்துவிட்டுத்தான் நடுச்சாயல்களுக்குப் போகவேண்டும். நிழலுக்குள் மேசையிலிருந்து எதிரொளித்து வரும் வெளிச்சத்தைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் மாணவர் அதை வெள்ளையாக விட்டுவிடுவார். அந்த எதிரொளி, ஒளி படும் பகுதியைவிட எப்போதும் இருண்டதே. விரலால் தேய்த்துவிடும் பழக்கத்தை இப்போதே நிறுத்துங்கள், எல்லாச் சாயலும் ஒரே சாம்பலாகிவிடும்.

ஓடுவதையும் மறைந்ததையும் வரைதல்

அசையாப் பொருளோடு நின்றுவிட்டால் கோடு விறைத்துப்போகும். வாரம் ஒரு முறை பேருந்து நிலையத்துக்கோ டீக்கடைக்கோ அழைத்துச் சென்று, 30 விநாடி, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் எனக் கெடு வைத்து வரையச் செய்யுங்கள். டீ ஆற்றுபவரின் தோள் எந்தப் பக்கம் இறங்குகிறது, எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதே போதும். சட்டைப் பொத்தான் வேண்டாம்.

நினைவிலிருந்து வரைவதைப் பலரும் பார்த்து வரைதலுக்கு எதிரானதாக நினைக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் பாரிசில் கற்பித்த லெகோக் த புவாபோதிரான் இதையே முறைப்படுத்திக் கற்பித்தார். சிற்பி ரொதான் அவருடைய மாணவர். பொருளை மூன்று நிமிடம் பென்சில் இல்லாமல் பார்க்கவேண்டும், அடுத்த அறைக்குப் போய் வரையவேண்டும், திரும்பி வந்து வேறு நிறப் பென்சிலால் திருத்தவேண்டும். திருத்தம் எங்கே குவிந்திருக்கிறதோ, அந்த இடத்தைத்தான் மாணவர் பார்க்காமல் விட்டிருக்கிறார்.

திருத்தும் முறை

மாணவரின் தாளில் உங்கள் கோடு ஒருபோதும் விழக்கூடாது. காட்டித்தான் ஆகவேண்டுமென்றால் வேறொரு தாளில் வரைந்து காட்டிவிட்டு, அதையும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். நீங்கள் போட்ட அழகான கோடு அவர் பெற்றோரை மகிழ்விக்கும். அவருக்கு எதையும் கற்பிக்காது.

திருத்துமுன் அவர் இருக்கையில் அமருங்கள், அல்லது அவர் தலை உயரத்துக்குக் குனியுங்கள். நான் கற்பிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், நின்றபடியே ஒரு மாணவியின் பானை வாய் ஒடுங்கிவிட்டது என்று சொல்லி அகலமாக்க வைத்தேன். அவள் மறுத்துப் பேசாமல் திருத்தினாள். பிறகு தற்செயலாக அவள் இடத்தில் அமர்ந்து பார்த்தபோது, வாய் அவள் முதலில் வரைந்த அளவுக்கு ஒடுங்கித்தான் தெரிந்தது. என் கண் அவள் கண்ணைவிட இரண்டடி உயரத்தில் இருந்ததை நான் எண்ணிப் பார்க்கவில்லை. கண்ணை நம்பு என்று சொல்லிக்கொடுக்க வேண்டியவன், தன் கண்ணை நம்பாதே என்று அவளுக்குக் கற்பித்துவிட்டேன்.

"நன்றாக இருக்கிறது", "சரியாக இல்லை" என்ற இரண்டுமே பயனற்ற சொற்கள். கேள்வியாகக் கேளுங்கள்: இந்த அகலம் அதிகமா, அந்த உயரம் அதிகமா? கைப்பிடியின் மேல்நுனிக்கு நேரே இடப்பக்கம் என்ன இருக்கிறது? எது மிகவும் இருண்ட இடம்? விடை சொல்ல மாணவர் பொருளைத் திரும்பிப் பார்த்தே ஆகவேண்டும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை எல்லோரும் எழுந்து ஆறடி பின்னால் போய், பொருளுக்குப் பக்கத்தில் தாளை வைத்துப் பார்க்கட்டும். கண்ணாடியில் காட்டினாலும் தலைகீழாகத் திருப்பினாலும் சாய்வுப் பிழைகள் உடனே தெரியும். கைபேசிப் புகைப்படத்தை வரைந்து முடித்தபின் ஒப்பிட மட்டும் பயன்படுத்தலாம். அப்போதும் கைபேசியை மாணவரின் கண் இருந்த இடத்திலேயே பிடித்து எடுக்கவேண்டும்.

ஒன்றரை மணி நேர வகுப்பென்றால், தாளைப் பார்க்காமல் வரைவதற்கு 5 நிமிடம், விரைவு வரைவுகளுக்கு 10 நிமிடம், அன்றைய பாடத்தை விளக்க 10 நிமிடத்துக்குமேல் வேண்டாம், வரைய 50 நிமிடம், மீதி நேரம் எல்லாத் தாள்களையும் சுவரோரம் வரிசையாக வைத்துப் பேச. வீட்டில் நாள்தோறும் 15 நிமிடம் வரைபவர், வாரம் ஒரு நாள் மூன்று மணி நேரம் வரைபவரைவிட விரைவில் முன்னேறுவதை நான் தொடர்ந்து கண்டிருக்கிறேன்.

பன்னிரண்டாம் வாரத்தில் அதே நாற்காலியை அதே இடத்தில் வையுங்கள். கையையும் நாற்காலியையும் மீண்டும் வரைந்து முடிக்கும்வரை பழைய தாளைக் காட்டாதீர்கள். முடித்தபின் பூட்டி வைத்த கோப்பைத் திறந்து இரண்டையும் அருகருகே வைத்து, முன்பு பார்க்காமல் விட்டு இப்போது பார்த்த மூன்று இடங்களையும், இப்போதும் பிடிபடாத ஓர் இடத்தையும் தாளின் பின்புறம் அவரையே எழுதச் சொல்லுங்கள். அந்த நான்காவது வரிகளை வகுப்பு முழுவதற்கும் சேர்த்துப் படித்தால், அடுத்த பன்னிரண்டு வாரங்களை எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துவிடும்.